ஜீவனத்தின் பெருமை என்றால் என்ன?

குழந்தையாயிருக்கையில் பெற்ற ஞானஸ்நானத்தைச் சபைமுன் உறுதிசெய்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயத்தமாகிற பிள்ளைகளும், வயதுவந்தபின் ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேருகிறவர்களும் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்கிற பகுதிகளில் ஒன்று, யோவான் எழுதின முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. “உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்” என்று தொடங்குகிற அந்தப் பகுதி, உலகத்திலுள்ளவைகளை “மாம்சத்தின் இச்சையும், கண்களின் இச்சையும், ஜீவனத்தின் பெருமையும்” என்று மூன்றாகச் சொல்லி, “உலகமும் அதின் இச்சையும் ஒழிந்துபோம்” என்று முடிவுக்கு வருகிறது. முதல் இரண்டைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்கிறோம். மூன்றாவதை வாசித்துவிட்டு அப்படியே கடந்துபோய்விடுகிறோம். குடியால் கெட்ட குடும்பத்தை ஊரே சுட்டிக்காட்டும்; ஆனால் கௌரவத்துக்காக அகலக்கால் வைத்துக் கெட்ட குடும்பத்தை அடையாளம் காண வருஷக்கணக்காகிறது, அதுவரை அந்தக் குடும்பம் ஆலயத்தின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை மூன்றையும் விளக்கினாலும் மூன்றாவதிலேயே அதிக நேரம் நிற்கும்.

புதிதாக வேதம் வாசிக்கிறவருக்கு முதலில் எழும் சந்தேகம் நியாயமானது. தேவன் உலகத்தில் இவ்வளவாய் அன்புகூர்ந்தார் என்று யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்லுகிறதே, அதே உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்று நிருபம் கட்டளையிடுவது எப்படி? சுவிசேஷம் சொல்லுவது மனிதர்களை. கெட்டுப்போகக் கூடாது என்று தேவன் தேடிவந்த ஜனங்களை. நிருபம் சொல்லுவது, அந்த ஜனங்கள் தேவனை ஒதுக்கிவைத்துவிட்டுத் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட மதிப்பீடுகளை. எது பெரியது, எது சிறியது, யார் முதலில் உட்காரவேண்டும், யார் வாசலில் நிற்கவேண்டும் என்கிற கணக்கை. மலையும் மழையும் மாம்பழமும் இந்த வசனத்தில் கண்டிக்கப்படவில்லை. நாம் அனுபவிக்கிறதற்காகவே தேவன் சகல நன்மைகளையும் சம்பூரணமாகக் கொடுக்கிறார் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், அதுவும் ஐசுவரியவான்களுக்கு எச்சரிப்புச் சொல்லுகிற அதே வசனத்தில். மே மாதத்தில் ஒரு மல்கோவாவை நறுக்கிச் சாப்பிடுகிறவன் குற்றவுணர்வு கொள்ளவேண்டியதில்லை.

முதல் இரண்டு இச்சைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மாம்சத்தின் இச்சை என்பது உடலின் தேவைகள் எஜமானனாகிவிடுவது. பசி, தூக்கம், பாலுறவு, ஓய்வு ஆகியவை தேவன் வைத்த இடத்தைவிட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொள்வது. கண்களின் இச்சை என்பது பார்த்ததெல்லாம் தனக்கு வேண்டும் என்பது. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஏவாள் அந்த விருட்சத்தைப் பார்த்தபோது அது புசிப்புக்கு நல்லதாகவும், பார்வைக்கு இன்பமாகவும், புத்தியைத் தெளிவிக்கத்தக்கதாகவும் அவளுக்குத் தோன்றியது என்கிற வரிசையில் இந்த மூன்றின் சாயலையும் வேத ஆசிரியர்கள் காலங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த சோதனைகளையும், அதாவது கல்லை அப்பமாக்குவது, உலகத்தின் ராஜ்யங்களைக் கண்முன் காண்பது, தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து எல்லோரும் காணக் குதிப்பது ஆகியவற்றையும், இதே மூன்றோடு சேர்த்துப் படிப்பதுண்டு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராயிருந்த அகஸ்டின் (354–430) தம் வாழ்க்கையைத் தேவன் முன்னிலையில் ஆராய்ந்து எழுதிய நூலின் பத்தாம் பகுதியில் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தம்மைச் சோதித்துக்கொள்கிறார். கண்களின் இச்சையில், எந்தப் பயனுமின்றி எதையாவது பார்த்துக்கொண்டேயிருக்கத் துடிக்கிற ஆர்வத்தையும் அவர் சேர்க்கிறார். நாய் ஒன்று முயலைத் துரத்துவதைக் கண்டால் ஏதோ ஆழ்ந்த சிந்தனையிலிருந்துகூடத் தம் மனம் விலகிப்போகிறது என்று அவர் வருந்துகிறார். கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இரவு பன்னிரண்டு மணியாக்குகிற நமக்கு அவர் தூரத்து மனிதராகத் தெரியமாட்டார்.

இனி மூன்றாவது. மாம்சத்தின் இச்சைக்கும் கண்களின் இச்சைக்கும் ஆள் ஒருவனே போதும். இருட்டறையில் தனியே இருந்தாலும் அவை வேலை செய்யும். ஜீவனத்தின் பெருமைக்குப் பார்க்கிறவர்கள் வேண்டும். என்னிடம் இருப்பது, நான் சம்பாதித்தது, என் பிள்ளைகள் படிப்பது, என் வீட்டின் அகலம் ஆகியவற்றை வைத்து நாலு பேர் மத்தியில் நான் யார் என்று நிலைநாட்டிக்கொள்வதே அது. “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று நாம் அன்றாடம் கேட்கிற கேள்வியில் அந்த நாலு பேருக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஆனாலும் கலியாண மண்டபத்தின் வாடகையையும், சீர்வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கையையும், நகைக்கடனின் அளவையும் தீர்மானிப்பது அவர்கள்தான்.

இதை விளங்கிக்கொள்ள எசேக்கியா ராஜாவின் கதையைவிட நல்ல உதாரணத்தை நான் அறியேன். எசேக்கியா கெட்ட ராஜா அல்ல. விக்கிரகங்களை அகற்றினவர், தேவாலயத்தின் கதவுகளைத் திறந்தவர், அசீரியரின் முற்றுகையின்போது ஜெபித்து விடுதலை கண்டவர். மரண வியாதி வந்தபோது சுவர்ப்புறமாய் முகத்தைத் திருப்பி அழுதார். கர்த்தர் அவருடைய ஆயுசில் 15 வருஷம் கூட்டினார். அதற்கு அடையாளமாகச் சூரியகடியாரத்தில் நிழல் 10 பாகை பின்னிட்டது. இந்தச் செய்தி தூரதேசமான பாபிலோன்வரை எட்டி, அங்கிருந்து ராஜாவின் தூதர்கள் கடிதத்தோடும் வெகுமானத்தோடும் வந்தார்கள். தேசத்தில் நடந்த அற்புதத்தைக் கேட்கவே அவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்று நாளாகமம் சொல்லுகிறது. அதாவது, கர்த்தர் யார் என்று கேட்டறிய அந்நியர்கள் தாங்களாகவே வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

எசேக்கியா அவர்களுக்கு எதைக் காட்டினார்? பொக்கிஷசாலையை. வெள்ளியை, பொன்னை, கந்தவர்க்கங்களை, பரிமளதைலத்தை, ஆயுதசாலையை. தன் வீட்டிலும் தன் ராஜ்யத்திலும் அவர் அவர்களுக்குக் காட்டாத பொருள் ஒன்றும் இல்லை என்று வேதம் எழுதுகிறது. அவர்கள் போனபின் ஏசாயா தீர்க்கதரிசி வந்து மூன்று கேள்விகள் கேட்கிறார்: அந்த மனுஷர் என்ன சொன்னார்கள்? எங்கேயிருந்து வந்தார்கள்? உம்முடைய வீட்டில் என்னத்தைப் பார்த்தார்கள்? முதல் கேள்விக்கு ராஜா பதில் சொல்லவேயில்லை. இரண்டாவதற்கு, தூரதேசமாகிய பாபிலோனிலிருந்து வந்தார்கள் என்கிறார். அந்தத் தூரத்தைச் சொல்லும்போதே அவர் குரலில் ஒரு மிதப்பு இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. மூன்றாவதற்கு, எல்லாவற்றையும் பார்த்தார்கள் என்கிறார். நிழலைப் பின்னிடச் செய்தவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சேலத்தில் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆயர் வாசலில் ஜெபித்து நாடாவை வெட்டி, “கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்” என்ற சங்கீதத்தை வாசித்து, பாடலும் ஜெபமும் கால்மணி நேரத்தில் முடிகின்றன. அதன்பிறகு வீட்டுக்காரர் விருந்தினர்களை அறை அறையாக அழைத்துச் செல்கிறார். கிரானைட் எங்கிருந்து வந்தது, கதவுக்குத் தேக்கு எவ்வளவு பிடித்தது, மாடிப்படியின் கைப்பிடிக்கு மட்டும் என்ன செலவு, குளியலறைக் குழாய் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வரிசையாக வருகின்றன. “எல்லாம் கர்த்தருடைய கிருபை” என்ற வாக்கியம் ஒவ்வோர் அறையின் முடிவிலும் வருகிறது. வீட்டைக் காட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வியர்வை சிந்திக் கட்டினவனுக்குச் சந்தோஷம் இருக்கத்தான் செய்யும், அந்தச் சந்தோஷத்தில் பங்குகொள்ளத்தான் நாமும் போகிறோம். ஆனால் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் வாடகைவீட்டில் இருக்கிற ஒரு தம்பதி, காலணியை மாட்டிக்கொண்டே ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தால், அந்த வீட்டில் அவர்களுக்குக் காட்டப்பட்டது என்ன என்று ஏசாயாவின் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

இந்தப் பெருமை ஆலயத்துக்குள் வருகிறபோது அதை அடையாளம் காண்பது இன்னும் கடினம். அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மலைச் சபையானால் காப்பிக்கொட்டை, மிளகு, பலாப்பழம், ஆரஞ்சு, சௌசௌ ஆகியவையும், கீழே சமவெளிச் சபையானால் தேங்காய், வாழைத்தார், மரவள்ளிக்கிழங்கு, ஜவ்வரிசி ஆகியவையும் காணிக்கையாக வந்து பீடத்தின்முன் குவிகின்றன. ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். முதலில் விடுகிற தேங்காய்கள் கடைவிலைக்கே போகின்றன. பிறகு யாரோ ஒருவர் ஒரு பலாப்பழத்துக்கு ஆயிரம் என்கிறார். எதிர்வரிசையில் அவருடைய சம்பந்தி ஆயிரத்தைந்நூறு என்கிறார். ஏலம் விடுகிற குருசேகரக் குழு (சபை நிர்வாகக் குழு) உறுப்பினர் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி, “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுத்து, மூன்றாம் தரத்துக்கு முன் வேண்டுமென்றே நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில்தான் விலை ஏறுகிறது. ஐயாயிரத்துக்குப் போன அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அது பழுத்திருக்குமோ இருக்காதோ, அதைப்பற்றி வாங்கினவருக்குக் கவலையில்லை.

இதில் நல்லதும் இருக்கிறது. பணம் ஆலயத்தின் ஊழியத்துக்கே போகிறது, பண்டிகையின் கலகலப்பும் சேருகிறது. கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஒலிபெருக்கி இல்லாமல், பெயர் சொல்லப்படாமல், அதே ஐயாயிரத்தை ஓர் உறையில் போட்டுக் காணிக்கைப் பையில் போட அவரால் முடியுமா? முடியுமென்றால் ஏலம் வெறும் விளையாட்டு. முடியாதென்றால் ஐயாயிரத்தில் ஒரு பங்கு தேவனுக்கும் மறுபங்கு சம்பந்திக்கும் போயிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் தண்டிக்கப்பட்டது நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அல்ல, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதற்காக. நிலத்தை விற்குமுன் அது உன்னுடையதாயிருக்கவில்லையோ, விற்றபின்னும் அதன் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ என்று பேதுரு வெளிப்படையாகவே கேட்கிறார். சற்று முன்னதாக பர்னபா தம் நிலத்தை விற்று முழுப் பணத்தையும் கொண்டுவந்து வைத்தது சபையெங்கும் பேசப்பட்டிருக்கும். அந்தப் பேச்சைப் பாதிவிலைக்கு வாங்கிவிடலாம் என்று அந்தத் தம்பதி நினைத்தார்கள்.

நன்றி சொல்லுவதுபோலவே பெருமை பேசவும் முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் பரிசேயன் செய்த ஜெபம் முழுவதும் ஒரு ஸ்தோத்திர ஜெபம்தான். அதில் ஒரு விண்ணப்பமும் இல்லை, ஒரு குறைகூறலும் தேவன்மேல் இல்லை. ஆனால் அவன் நன்றி சொல்லுவதற்குத் தூரத்தில் நிற்கிற ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், தேவைப்படுகிறான்; அவனோடு ஒப்பிடாமல் அந்த ஸ்தோத்திரம் நிற்காது. கார் வாங்கினவர் பின்கண்ணாடியில் “இது கர்த்தர் செய்தது” என்று ஒட்டிக்கொள்கிறபோதும், சாட்சி நேரத்தில் சம்பள உயர்வின் சதவீதம்வரை சொல்லப்படுகிறபோதும், அந்த நன்றி இன்னொருவருடைய வெறுங்கையைச் சார்ந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வாகனம் இல்லாத விசுவாசிக்குக் கர்த்தர் என்ன செய்தார் என்ற கேள்விக்கு அந்த ஸ்டிக்கரில் பதில் இல்லை. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் அணிந்தவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தையுடுத்தவனை என் பாதபடியண்டையில் உட்கார் என்று சொல்லுகிற சபையைக் கண்டிக்கிறார். அங்கே குற்றம் மோதிரக்காரனுடையது அல்ல, இடம் காட்டினவர்களுடையது. ஒருவனுடைய பெருமையை வளர்க்கிற பொறுப்பு பார்க்கிறவர்களுக்கும் உண்டு.

சரி, எளிமையாக இருந்துவிட்டால் போதுமா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நகையில்தான் வந்து நிற்கும். நகை அணியக்கூடாது, வெள்ளை உடையே உடுத்தவேண்டும் என்று போதிக்கிற சபைகள் நம்மிடையே இருக்கின்றன. அணியலாம் என்கிற சபைகளும் இருக்கின்றன. பேதுரு தம் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் புறம்பான அலங்கரிப்பைவிட, சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியாகிய அழியாத அலங்கரிப்பைத் தேடும்படி சொல்லுகிறார். இதை மனச்சாட்சியோடு ஏற்று நகையைக் கழற்றினவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கழற்றினதையே கழுத்தில் அணிந்துகொள்ளவும் மனுஷனால் முடியும். வீண்பெருமையைத் தான் இகழ்ந்துவிட்டதாகவே ஒருவன் அதிக வீணாகப் பெருமைகொள்ளக்கூடும் என்று அகஸ்டின் எச்சரிக்கிறார். அவரே இன்னொரு சிக்கலையும் சொல்லுகிறார்: ஐசுவரியத்துக்கு நான் அடிமையா என்று தெரியவேண்டுமானால் அதை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம், புகழ்ச்சிக்கு நான் அடிமையா என்று சோதிக்க, யாரும் புகழாதபடி கெட்டவனாக வாழ்ந்தா பார்க்கமுடியும்? நல்லவனாக வாழ்கிறவரை புகழ்ச்சி கூடவே வரும். கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில் பவுலும் “தொடாதே, ருசிபாராதே” என்கிற கட்டளைகள் ஞானமாகத் தோன்றினாலும் மாம்சத்தை அடக்க உதவாது என்று முடிக்கிறார்.

இந்த இடத்தில் சேலத்துக்கே உரிய ஒரு கேள்வி உண்டு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். கம்பி இழுப்பதும், சலங்கை பற்றவைப்பதும், மெருகிடுவதும் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலைகள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் விசுவாசத்துக்கு வந்தால், அலங்காரப் பொருள் செய்கிற தன் தொழிலை விட்டுவிடவேண்டுமா என்று கேட்கக்கூடும். யாத்திராகமம் முப்பத்தோராம் அதிகாரத்தில், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் விசித்திர வேலை செய்யும்படி பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தரே மோசேயிடம் சொல்லுகிறார். ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று இவ்வளவு வெளிப்படையாக வேதம் முதலில் சொல்லுகிற மனுஷன் ஒரு தீர்க்கதரிசியல்ல, ஒரு கைவினைஞர். கொலுசு செய்கிறவர் எடையிலும், வெள்ளியின் தூய்மையைக் குறிக்கிற டச்சிலும் உண்மையாயிருந்தால் அவருடைய பட்டறை பரிசுத்தமான இடம்தான். கால்விரல் நுனிவரை அழகு தேடுவது தேவன் வெறுக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. கொலுசுச் சத்தத்தால் பக்கத்துவீட்டுப் பெண்ணைச் சிறுமைப்படுத்துவதுதான் வேறு காரியம்.

அப்படியானால் எதிர்த்து நிற்பது எப்படி? இச்சையைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது கொஞ்சநாள் நடக்கும். வேதம் காட்டுகிற வழி, முதலில் நம்மிடம் இருப்பது எப்படி வந்தது என்று உண்மையாகக் கணக்குப் பார்ப்பதில் தொடங்குகிறது. லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்து ஐசுவரியவானின் உவமையை, பாகப்பிரிவினைக்காக இயேசுவிடம் வழக்குக் கொண்டுவந்த ஒருவனுக்குப் பதிலாகத்தான் அவர் சொன்னார். “ஐசுவரியமுள்ள ஒருவனுடைய நிலம் நன்றாய் விளைந்தது” என்றுதான் கதை தொடங்குகிறது, விளைந்தது நிலம். ஆனால் அவன் பேசத் தொடங்கியதும் என் தானியம், என் களஞ்சியங்கள், என் பொருள்கள், என் ஆத்துமா என்றே போகிறது. யாரிடமும் அவன் ஆலோசனை கேட்பதில்லை. தன் ஆத்துமாவோடு மட்டும் பேசுகிறான்.

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுகிறவர்கள் இந்த உவமையை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இன்றுவரை, மார்ச், ஏப்ரலில் பூமழை பெய்யாவிட்டால் காப்பிச்செடி ஒழுங்காகப் பூக்காது. பூத்தபின் அடுத்த மழை தவறினால் காய் நிற்காது. அராபிகா வகையில் பூவிலிருந்து பழம் சிவக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகிறது. நவம்பரிலிருந்து தை மாதம்வரை பழம் பறிக்கிற கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள், தோட்டக்காரருடையவை அல்ல. விலையோ நியூயார்க் சந்தையில் ஏறி இறங்குகிறது. பிரேசிலில் வறட்சி வந்தால் ஏற்காட்டில் காப்பிக்கு விலை கிடைக்கிறது. மழை மேலேயிருந்து, உழைப்பு கூலியாட்களிடமிருந்து, விலை கடல்கடந்து. இவ்வளவுக்கும் பிறகு ஒரு நல்ல வருஷத்தில் களத்தில் காய்கிற கொட்டையைப் பார்த்து, “என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது” என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்படிச் சொல்லாதே, ஐசுவரியத்தைச் சம்பாதிக்கும் பெலனைக் கொடுக்கிறவர் கர்த்தர் என்று உபாகமம் எட்டாம் அதிகாரம் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு இதையே கேள்வியாக வைக்கிறார்: “உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?” தோட்டக்காரருக்குப் பொருந்துவது மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கும் பொருந்தும், அவர் படித்த காலத்தில் கட்டணம் கட்டினவர் யார் என்று எண்ணிப்பார்த்தாலே போதும்.

அடுத்தது, போதுமென்கிற மனம். பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்கிறார். கற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லுவது ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு ஆறுதலானது. மனந்திரும்பின அன்றே அது தானாக வந்து சேர்ந்துவிடவில்லை. அவர் தாழ்ந்திருக்கவும் பரிபூரணப்படவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்கிறார். இந்த வசனத்தைத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளின் பேனாப்பெட்டியிலும் கடைத்திறப்பு விழா அழைப்பிதழிலும் பார்க்கிறோம். அது எழுதப்பட்டபோது பவுல் சொன்ன “எல்லாவற்றிலும்” பட்டினியும் அடங்கும். பட்டினியைக் கற்றுக்கொள்வதைவிடப் பரிபூரணத்தைக் கற்றுக்கொள்வது கடினம் என்பது என் எண்ணம்; கையில் பணம் புழங்குகிறபோது மனம் அடுத்தவருடைய பணத்தைத்தான் பார்க்கிறது.

மூன்றாவது, பார்க்கிறவர்களைக் குறைப்பது. பெருமைக்குப் பார்வையாளர்கள் வேண்டுமென்றால், நம்முடைய வாழ்க்கையில் சில நல்ல காரியங்களையாவது பார்வையாளர் இல்லாமல் செய்யப் பழகுவதே அதற்குச் செய்யக்கூடிய நேரடியான எதிர்ப்பு. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று இயேசு தர்மத்தைப்பற்றிச் சொன்னதும், கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னதும், உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவச் சொன்னதும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஒரே இடத்தில் வருகின்றன. தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை: மாதந்தோறும் கொடுப்பதில் ஒரு சிறுபகுதியை, ரசீது இல்லாமல், நன்றிக்கடிதம் வராத வழியில் கொடுங்கள். அதை மனைவியிடமோ கணவரிடமோ மறைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் படம் போடாமலிருந்தால் போதும். படம் போடாத அந்த நாளில் மனசுக்குள் ஒரு சிறு ஏமாற்றம் எழுந்தால், அதுதான் இவ்வளவு நேரமும் நாம் பேசிக்கொண்டிருந்த ஜீவனத்தின் பெருமை. அதை முதல்முறையாக முகத்துக்கு முகம் பார்க்கிறீர்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று இருக்கிறது. தீத்து இரண்டாம் அதிகாரம், லௌகிக இச்சைகளை வெறுக்க நமக்குப் போதிப்பது தேவகிருபை என்று சொல்லுகிறது. கிருபையாலே தேவனுக்குப் பிள்ளையானவனுக்கு நாலு பேர் முன்னால் தன்னை நிரூபிக்கவேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. யோவானும் “உலகத்தில் அன்புகூராதிருங்கள்” என்பதற்கு முந்தின வசனங்களில் பிள்ளைகளுக்கும் பிதாக்களுக்கும் வாலிபருக்கும், உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் பிதாவை அறிந்திருக்கிறீர்கள் என்றுதான் எழுதுகிறார். கட்டளை அதற்குப் பிறகே வருகிறது. இந்த வரிசையை மாற்றிவிட்டால், உலகத்தை வெறுத்துக் காட்டித் தேவனிடம் நல்லபேர் வாங்குகிற முயற்சியாகிவிடும், அதுவும் பெருமையின் இன்னொரு வேலைதான்.

அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இந்தப் போதனை தரையில் கால்வைக்கிறது. இவ்வுலக ஆஸ்தி உடையவன், தன் சகோதரனுக்குக் குறைச்சலுண்டென்று கண்டும் தன் இருதயத்தை அடைத்துக்கொண்டால், அவனுக்குள் தேவ அன்பு நிலைகொள்ளுவது எப்படி என்று யோவான் கேட்கிறார். ஆஸ்தி இருப்பதை அவர் குற்றமாக்கவில்லை. கண்டும் அடைத்துக்கொள்வதையே குற்றமாக்குகிறார். ஆகவே மகள் கலியாணத்துக்குப் பெரிய மண்டபமா சிறிய மண்டபமா என்று யோசிக்கிற தகப்பன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தொகை எவ்வளவு என்று பார்த்து, அதே சபையில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டமுடியாமல் நிற்கிறவர் யார் என்றும் பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய மண்டபமே வேண்டும் என்பார்கள், அண்ணன் தம்பிகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், “ஒரே பொண்ணு, இதுக்குக்கூடச் செய்யலையா?” என்று ஆலய வாசலிலேயே கேட்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பின்வாங்குகிறார்கள். ஆயரிடமும் மூப்பர்களிடமும் முன்னதாகப் பேசி, சபையில் வசதியுள்ள இரண்டு மூன்று குடும்பங்களாவது கலியாணத்தைச் சிறிதாக நடத்த ஒத்துக்கொண்டால், வசதியில்லாதவருக்கு அது பெரிய விடுதலை. தனியொரு தகப்பன்மேல் விழுகிற பழிச்சொல்லைச் சபை சேர்ந்து சுமந்துகொள்ளும்.